இமை அறுவைக்கு முன் ஒரு பரிசோதனை

தொங்கும் மேல் இமையைச் சரிசெய்ய நினைக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் பார்வைப் புலப் பரிசோதனை (கண்ணுக்கு எவ்வளவு பரப்பு தெரிகிறது, இமை எவ்வளவு மறைக்கிறது என்று அளப்பது) செய்துகொள்ளுங்கள். இமையை இயல்பாக விட்டு ஒரு முறை, ஒட்டுப்பட்டையால் தூக்கிப் பிடித்து ஒரு முறை. இரண்டு முடிவுகளையும், புருவத்தை உயர்த்தாமல் நேராகப் பார்க்கும் புகைப்படத்தையும் இணைத்து, காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி உறுதி பில் வரும்போது உதவாது.

அழகுக்கான சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. உடல் இயக்கக் குறையைச் சரிசெய்யும் சிகிச்சையைப் பல பாலிசிகள் ஏற்கின்றன. கத்தி ஒன்றுதான், காரணம்தான் வேறு. அந்தக் காரணத்தை மருத்துவரின் கடிதத்தைவிட அளவீடு வலுவாகக் காட்டும். மூக்கின் நடுத்தண்டு வளைந்து மூச்சு அடைப்பவர்களுக்கும் இதே வழிதான்: குறையைப் பரிசோதனையால் காட்டி முன் அனுமதி கேளுங்கள். கூடவே மூக்கின் வடிவத்தையும் மாற்றினால் அந்தச் செலவுக்குத் தனி பில் கேளுங்கள், இல்லையேல் மொத்தமும் நிராகரிக்கப்படலாம்.

கீழ் இமைப் பை, சுருக்கம், போடாக்ஸ் ஊசி போன்றவற்றுக்கு இது பொதுவாக எடுபடாது. பாலிசியின் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குப் பணம் தராத காலம்) முடியவில்லை என்றாலும் பயனில்லை.