காட்டு ஹனிசக்கிளைப் பூவின் அமைவிடம் கொண்டு இனங்காணும் முறை

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் கொடியாகவும் புதராகவும் வளரும் பூச்செடி இனமான ஹனிசக்கிளைப் பிரித்தறிய முற்படுவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பூவின் நிறத்தையே. நிறத்தை நம்புவதற்கில்லை. செந்நிறத்திற்குப் பெயர்பெற்ற எக்காள ஹனிசக்கிளில் மஞ்சளாகப் பூப்பனவும் உண்டு. ஜப்பானிய ஹனிசக்கிளோ வெண்மையாக மலர்ந்து பின்னர் மஞ்சளாக மாறுவதால், ஒரே கிளையில் இரு நிறங்களும் தென்படும். ஆகவே, பூ தண்டின் எந்த இடத்தில் தோன்றுகிறது என்பதைக் கவனிப்பதே தக்கது.

அதற்கு முன், இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே உள்ளனவா என்று உறுதிசெய்துகொள்ளவும். மாறிமாறி அமைந்திருந்தால் அது ஹனிசக்கிள் அன்று. அப்பகுதி மக்கள் சிலர் காட்டு ஹனிசக்கிள் என்றே அழைக்கும் இளஞ்சிவப்பு அசேலியா என்னும் வேறொரு பூச்செடியாக இருக்கலாம்.

பூக்கள் கிளை நுனியில் தண்டைச் சுற்றி வட்ட அடுக்காக நின்றால், அது பெரும்பாலும் அம்மண்ணுக்குரிய கொடியே. எக்காள ஹனிசக்கிளில் பூவடுக்கிற்குக் கீழேயுள்ள இலை இணை அடியில் ஒன்றாகி, தண்டு நடுவே ஊடுருவிச் செல்லும் தட்டுப்போலத் தோன்றும்.

இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கில், இரண்டிரண்டாகப் பூத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 1806இல் நியூயார்க் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் காடுகளில் பரவிய ஜப்பானிய ஹனிசக்கிள் இவ்வகையே. கிளை நுனியை நெருங்க நெருங்க அதன் இலைகள் சிறுத்துவிடுவதால் இணைப் பூக்கள் நுனிக்கொத்தைப் போல மயக்கும். சற்றுக் கீழே இறங்கி ஒவ்வொரு கணுவாகப் பார்த்தால் ஐயம் நீங்கும். இதன் இலைகள் எங்கும் ஒன்றிணைவதில்லை.

கொடியாக இல்லாமல் புதராக நின்றால் பூங்காம்பின் நீளத்தைப் பாருங்கள். ஆமூர் ஹனிசக்கிளில் அது இலைக்காம்பைவிடக் குட்டையானது. தார்த்தாரிய ஹனிசக்கிளில் இலைக்காம்பைவிடத் தெளிவாக நீண்டிருக்கும். இவ்விரண்டும் வந்தேறிகள். ஆனால் இணைப்பூ என்பதாலேயே ஒரு புதரை வந்தேறி என்று எண்ணி வெட்டிவிடுவது பிழை. கனடா ஹனிசக்கிள் அம்மண்ணுக்கே உரியது, அதன் வெளிர்மஞ்சள் பூக்களும் இணையாகவே கீழ்நோக்கித் தொங்கும். ஒரு சுள்ளியைக் குறுக்கே வெட்டிப் பார்க்கவும்: உட்சோறு (தண்டின் நடுவேயுள்ள மென்பகுதி) வெண்மையாக நிறைந்திருந்தால் கனடா ஹனிசக்கிள், நடுவே பொள்ளலாக இருந்தால் வந்தேறிப் புதர்.

பூக்காலம் கடந்துவிட்டாலும் பூ இருந்த இடத்தைக் கனி காட்டிவிடும். எக்காள ஹனிசக்கிளின் சிவப்புக் கனிகள் நுனியில் கொத்தாகவும், ஜப்பானிய ஹனிசக்கிளின் கருங்கனிகள் இலைக்கக்கங்களிலும் இருக்கும்.