காவிரிக் கரை டென்ட் முகாமில் முதல் இரவு: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. தேன்கனிக்கோட்டை தாண்டினால் அஞ்செட்டி, பென்னாகரம் தாண்டினால் ஒகேனக்கல். ராகிக் கொல்லையில் யானை இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்கூட, காட்டுக்குள் ஒரு துணிக் கூடாரத்தில் படுக்க வேண்டும் என்றால் தடுமாறுகிறார்கள். லாட்ஜ் அறையில் தங்கும் பழக்கத்தை அப்படியே டென்ட்டுக்குள் கொண்டுபோவதுதான் காரணம். அறையில் இருந்தால் தின்பண்ட வாசனை, விளக்கு வெளிச்சம், எலித் தொல்லை இந்த மூன்றையும் பெரும்பாலும் சுவரே பார்த்துக்கொள்ளும். டென்ட்டில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 1: எங்கே தங்கலாம், எங்கே கூடாது

சொந்த டென்ட்டை எடுத்துப் போய் ஆற்றங்கரையில் அடித்துத் தங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இந்த இரு மாவட்டங்களிலும் உள்ள காவிரிப் பக்கக் காடுகளில் பெரும்பகுதி, 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்திலும், 2022-இல் அறிவிக்கப்பட்ட 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயத்திலும் அடங்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27, 28 ஆகிய பிரிவுகளின்படி, சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதே குற்றம்.

முறையான டென்ட் முகாம்கள் ஆற்றின் மேல்பகுதியில், கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்துக்குள் இருக்கின்றன. அந்த மாநில அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்தும் பீமேஸ்வரி, காலிபோரே முகாம்கள் ஆற்றை ஒட்டியே அமைந்தவை. காலிபோரே போக ஓசூர், ஆனேக்கல், கனகபுரா வழியாக, அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமம் சென்று, அங்கிருந்து காட்டுப் பாதை.

தனியார் பட்டா நிலத்திலும் காட்டோரத்தில் டென்ட் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். பதிவு செய்யுமுன் போனில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ராத்திரி சஃபாரி உண்டா? ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடலாமா? விலங்கு பக்கத்தில் வர உப்பு, தீனி ஏதாவது வைக்கிறீர்களா? இதில் ஒன்றுக்கு 'உண்டு' என்று பதில் வந்தாலும் அந்த இடம் வேண்டாம். தீனிக்குப் பழகிய விலங்கு, தீனி இல்லாத நாளில் உங்கள் டென்ட்டைத்தான் தேடி வரும்.

படி 2: எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை புதியவர்களுக்கு ஏற்ற காலம். ராத்திரியில் குளிரும், ஒரு கம்பளியோ ஸ்வெட்டரோ போதும். ராகி முற்றும் அந்தப் பருவத்தில்தான் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று நகர்ந்து வருகின்றன. அதனால் சாலைப் பயணத்தைப் பகலோடு முடித்துவிடுங்கள். மாலை 4 மணிக்கு முன்பே முகாமில் இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும், தண்ணீருக்காக விலங்குகள் ஆற்றுக்கு வரும். பார்ப்பதற்கு அதுவே நல்ல காலம். ஆனால் பகலில் டென்ட்டுக்குள் உட்கார முடியாத வெக்கை. காட்டுத் தீ பயத்தால் நடைப்பயணங்களும் நிறுத்தப்படலாம்.

ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை போகிறவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே, தமிழக எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவின் நீர்வரத்தைச் செய்தியில் கவனியுங்கள். ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்தும்போது நாம் கேட்கிற அதே கன அடிக் கணக்குதான். கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்தால், பிலிகுண்டுலுவுக்கு மேலே இருக்கும் இந்த முகாம்களின் கரையை அந்தத் தண்ணீர் நமக்கு முன்பே தொட்டுவிடும். வரத்து ஏறுமுகமாக இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: மூட்டை கட்டுவது

இரண்டு டார்ச், அதில் ஒன்று தலையில் மாட்டுவது. சிவப்பு வெளிச்சம் தரும் வகை என்றால் இன்னும் நல்லது. கூடுதல் பேட்டரி. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று. பல முகாம்களில் மின்சாரம் சோலாரில் ஓடுவதால் கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் வேலைக்கு ஆகாது. கணுக்கால் மூடும் ஷூ, நீளமான காலுறை, முழுக்கை சட்டை. நிறம் காக்கி, சாம்பல், மங்கல் பச்சை. வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். ஆதார் அசல். ரொக்கம் கட்டாயம், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. கடைசி பெட்ரோல் பங்க் கனகபுராவில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டு வர வேண்டிய பட்டியல் இதைவிட முக்கியம். மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்கள் காரில் ஒரு கூடை வைத்துக்கொண்டே வருவார்கள். அது கூடவே கூடாது. மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், வெல்லம் நான்கின் மணத்தையும் யானை வெகு தூரத்திலிருந்தே பிடித்துவிடும். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சென்ட், தலையில் மல்லிகைச் சரம், ஊதுபத்தி, சாம்பிராணி, சாராயம் இவையும் வீட்டோடு இருக்கட்டும்.

படி 4: டென்ட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம்

பையைக் கட்டிலில் போட்டுவிட்டு ஆற்றைப் பார்க்க ஓடத்தான் மனசு சொல்லும். வெளிச்சம் இருக்கும்போதே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். ஆற்றங்கரை டென்ட்டுகள் பெரும்பாலும் நீர்மருது, புளிய மர நிழலில் இருக்கும். பட்டுப்போன பெரிய கிளை நேர்மேலே தொங்கினால் வேறு டென்ட் கேளுங்கள்.

அடுத்து, ஜிப். வாசலில் வழக்கமாக இரண்டு அடுக்கு உண்டு: உள்ளே வலை, வெளியே கேன்வாஸ். இரண்டையும் முழுதாக மூடித் திறந்து பாருங்கள். ஆற்று மணல் ஏறிய ஜிப் பாதியில் சிக்கும். ஒரு மெழுகுவத்தித் துண்டையோ பென்சில் முனையையோ பல்வரிசை நெடுகத் தேய்த்தால் வழுக்கி ஓடும். இழுத்து உடைத்துவிட்டால் அன்று ராத்திரி திறந்த டென்ட்டில்தான் படுக்க வேண்டும். இரண்டு ஜிப்பும் சந்திக்கும் மூலையில் விரல் நுழையும் ஓட்டை விட்டால்கூடத் தேள் நுழைந்துவிடும்.

மூன்றாவது, குளியலறை. கழிவுநீர் ஓட்டையில் வலைத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தவளை வரும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும். பணியாளரிடம் சொன்னால் மூடித் தருவார். அதுவரை ஒரு தட்டையான கல்லை வைத்து மூடுங்கள். கட்டிலுக்கு அடியிலும், சுருட்டிவைத்த மடிப்புகளிலும், தலையணைக்குக் கீழேயும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக, ராத்திரியில் உதவி வேண்டும் என்றால் எப்படிக் கூப்பிடுவது என்று முகாம் ஆளிடம் கேளுங்கள். சில இடத்தில் விசில் கொடுப்பார்கள், சில இடத்தில் சமையல்கூடத்தைப் பார்த்து டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டச் சொல்வார்கள். கேட்காமல் படுக்காதீர்கள்.

படி 5: வாசனையை அடக்குவது

கொண்டுவந்த முறுக்கு, பிஸ்கட், கடலை மிட்டாய் எல்லாவற்றையும் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சமையல்கூடத்தில் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்டபின் மாத்திரை போடுகிறவர்கள், மாத்திரையையும் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும். சோப்பும் பற்பசையும் பலருக்கு நினைவுக்கு வராது. எலி சோப்பைக் கரண்டும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அவற்றுக்கும் ஒரு மூடிய டப்பா.

பகலில் குரங்கு. நாட்டுக்குரங்குகள் ஜிப் திறக்கக் கற்றுக்கொண்டவை. வெளியே போகும்போது இரண்டு ஜிப் இழுப்பான்களையும் தரையோரம் சேர்த்து, ஒரு கொக்கியாலோ ஊக்காலோ பிணைத்துவிட்டுப் போங்கள். ஆனால் ராத்திரி உள்ளே படுக்கும்போது பூட்டோ கொக்கியோ வேண்டாம். தீ பிடித்தால் ஒரே இழுப்பில் திறந்து வெளியேற முடிய வேண்டும்.

அதே காரணத்துக்காகத்தான் கொசுவத்திச் சுருளையும் டென்ட்டுக்குள் ஏற்றக் கூடாது. குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பது அதைவிட ஆபத்து. மூடிய டென்ட்டில் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் நிறைந்து, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கொசுவுக்கு வலையும் தோலில் தடவும் கிரீமும், குளிருக்குக் கம்பளியும் போதும்.

படி 6: இரவு

சாப்பாடு முடிந்து டென்ட்டுக்குத் திரும்பும்போது தனியாக நடக்காதீர்கள். முகாம் ஆள் ஒருவர் உடன் வர வேண்டும். டார்ச்சைத் தரையில், காலுக்கு நான்கைந்து அடி முன்னால் அடித்துக்கொண்டே நடங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு.

ஷூவைக் கட்டிலுக்குக் கீழே கவிழ்த்து வையுங்கள், காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவரைத்தான் அதிகம் கடிக்கிறது; கடித்த இடம் வலிக்காமலே போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, பிறகு இமை தானாகச் சரிவது, பேச்சு குழறுவது என்றுதான் தெரியவரும். கட்டிலும், ஓரங்களை மெத்தைக்குக் கீழே செருகிய கொசுவலையும் இதற்கு நல்ல தடுப்பு.

பாம்பு கடித்தாலோ, கடித்ததாகச் சந்தேகம் வந்தாலோ: மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து அந்தக் கை அல்லது காலை அசையாமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு, முகாம் வண்டியிலேயே விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சிக்னல் கிடைத்ததும் 108. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம்.

வலைச் சன்னல்களை மேல்பாதி திறந்தே வைத்துப் படுங்கள். முழுதாக மூடினால் நம் மூச்சின் ஈரமே கேன்வாஸில் படிந்து, விடியற்காலையில் சொட்டும். மழை பெய்தால் பையோ போர்வையோ துணிச் சுவரைத் தொடாமல் தள்ளி வையுங்கள். பருத்திக் கேன்வாஸில் உள்ளிருந்து தொட்ட இடத்தில்தான் முதலில் ஒழுகும்.

யானை வந்தால்? கிளை முறியும் சத்தம், அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல், காது விசிறும் ஓசை, இவைதான் முதலில் கேட்கும். விளக்கை அணையுங்கள். பேசாதீர்கள். ஜிப்பைத் தொடாதீர்கள், அந்தச் சத்தமே அதைத் திடுக்கிட வைக்கும். டார்ச், போன் வெளிச்சம், ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். மேய்ந்துகொண்டே நகர்வதுதான் வழக்கம். நன்றாகத் தள்ளிப் போனபிறகு முகாம் ஆளுக்குத் தகவல் கொடுங்கள். குழந்தைகளுக்கு இதை மாலையிலேயே சொல்லிப் பழக்கிவையுங்கள். அந்த நேரத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

படி 7: சஃபாரியும் ஆறும்

காலை சஃபாரி 6 மணி வாக்கில் கிளம்பும். புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள்; இந்தக் காட்டின் செல்வம் ஆற்றோரம்தான். நீர்மருது உச்சியில் சாம்பல் நிற மலை அணில், மணல் திட்டில் முதலை, கூட்டமாக நீந்தும் நீர்நாய்கள், குளிர்காலத்தில் மீனுக்காகத் தண்ணீரில் பாயும் விரால் அடிப்பான் பறவை. ஜீப்பில் எழுந்து நிற்காமல், ஒரே மரத்தைப் பத்து நிமிடம் பார்க்கத் தயாராக இருப்பவர்களுக்கு அணில் நிச்சயம் தென்படும் என்று சொல்ல முடியாவிட்டாலும், கூடாவது தெரியும்: இலைகளால் ஆன பந்து, கிளை நுனியில்.

முதலை இருக்கும் ஆறு இது. பணியாளர் காட்டிய இடம் தவிர எங்கும் இறங்காதீர்கள். விடியலிலும் அந்தியிலும் கால் கழுவக்கூட ஓரத்தில் குனிய வேண்டாம். பரிசலில் லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்கள். தூண்டில் போடுவது கூடாது. இங்கிருக்கும் திமில் மகசீர் மீன், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2018-இல் பட்டியலிடப்பட்டது.

படி 8: கிளம்பும்போதும், வீட்டுக்கு வந்தபிறகும்

பையை உதறிக் கட்டுங்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக் உறை ஒன்றுவிடாமல் உங்களோடு திரும்பட்டும்.

வீட்டுக்கு வந்ததும் துணியை வெந்நீரில் அலசி, உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்பு வார் இறுகும் இடம். இருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் விடுவதும் நெருப்பால் சுடுவதும் அதன் எச்சிலை உடம்புக்குள் இறக்கிவிடும்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கருத்த பொருக்கு தெரிந்தால், காட்டில் தங்கியதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். புதர்ப் பூச்சிகள் பரப்பும் ஸ்க்ரப் டைபஸ் நம் பக்கத்தில் மழைக்குப் பிந்தைய மாதங்களில் காணப்படுவது. டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகளுக்கு நன்றாகக் கட்டுப்படும். சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமாலோடு நாளைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும்.