மெனோபாஸ் டைம்ல பூ வைத்தியம்: பண்ணக்கூடாத தவறுகள்

நாப்பத்தஞ்சு தாண்டுனதும் திடீர்னு முகம் கழுத்தெல்லாம் குப்புனு சூடாகி வேர்த்து ஊத்தும், நைட்டு தூக்கம் வராது, உடனே ஆவாரம்பூ போட்டு குடி, செம்பருத்தி குடின்னு ஆளாளுக்கு சொல்வாங்க. இதெல்லாம் அந்த சூட்ட நிறுத்தும்னு உறுதியான ஆதாரம் இல்ல, ஆனா இதமா இருந்தா அளவா குடிக்கலாம். எனக்கு பயம் அத நம்பி மத்தத விட்டுடுறது தான்.

அதுல பெரிய தப்பு ரத்தப்போக்குக்கு கை வைத்தியம் பாக்குறது. பீரியட்ஸ் தொடர்ந்து 12 மாசம் வரலன்னா தான் மெனோபாஸ். அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அது பீரியட்ஸ் திரும்பி வந்தது இல்லங்க. உடம்பு சூடுன்னு சொல்லி வாழைப்பூவ இடிச்சு சாறு புழிஞ்சு மோர்ல கலந்து குடுப்பாங்க, ரெண்டு நாள்ல நின்னுடும், சரியாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க. ஆனா அது தானாவே நின்னிருக்கும், காரணம் உள்ள அப்படியே இருக்கும். முக்கால்வாசி பேருக்கு கர்ப்பப்பை உள்சவ்வு மெலிஞ்சது, பாலிப் (சின்ன சதை வளர்ச்சி)னு சாதாரண விஷயமா தான் இருக்கும், ஆனா கர்ப்பப்பை புற்றுநோயும் முதல்ல இப்படி தான் காட்டும், சீக்கிரம் கண்டுபிடிச்சா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. தயவுசெஞ்சு முதல்ல ஸ்கேன், வாழைப்பூவ அப்புறம் பொரியல் பண்ணி சாப்புடுங்க.

"ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு பழமொழி இருக்கு, ஆனா சுகர் மாத்திரை போடுறவங்க அதோட தினம் ஆவாரம்பூ கஷாயமும் குடிச்சா சுகர் ரொம்ப இறங்கலாம், படபடப்பு, வேர்வை வரும், அதையும் மெனோபாஸ்னே நெனச்சுப்பீங்க, அதனால அந்த நேரம் குளுக்கோமீட்டர்ல பாத்துடுங்க. தைராய்டு அதிகமானாலும் இதே மாதிரி தான் இருக்கும். ரோஜா இதழ்ல செய்யுற குல்கந்துலயும் பாதிக்கு மேல சர்க்கரை தான், சுகர் இருக்கறவங்க அதையும் பாத்துக்கோங்க.

கடையில செம்பருத்தி டீன்னு விக்கிறதுல நிறைய நம்ம வீட்டு செம்பருத்தி இல்ல, ரோசெல்ங்கிற வேற செடியோட புல்லிவட்டம் (பூவுக்கு அடியில இருக்குற சிவப்பு பகுதி), அது பிபிய குறைக்கலாம், பிபி மாத்திரையும் சேந்தா தலைசுத்தலாம்.

கர்ப்பப்பை பிரச்சனைக்குன்னு கஷாயம் போட சொல்ற அசோகு விஷயத்துலயும் ஏமாறாதீங்க. ஸ்கூல் காம்பவுண்ட்ல உயரமா நிக்கிறது நெட்டிலிங்கம், பூ பச்சையா இருக்கும். உண்மையான அசோக மரத்துல ஆரஞ்சு சிவப்புல கொத்து கொத்தா பூக்கும். நெட்டிலிங்கத்த வெட்டி கஷாயம் போடாதீங்க.

சாமிக்கு வாங்குன பூவையும் கொதிக்க விடாதீங்க, பூச்சி மருந்து அடிச்சிருப்பாங்க, அதுல அரளி கலந்திருந்தா விஷம். மார்பக புற்றுநோய்க்கு மாத்திரை எடுக்குறவங்க, எந்த பூவா இருந்தாலும் பாக்குற டாக்டர்கிட்ட கேட்டுட்டு தான்.