உப்புக்காற்று அடிக்கிற வாசலில் வருஷம் முழுக்கப் பூ

கடற்கரை ஊரில் வீட்டு முன்னால் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் எடுத்ததுமே நர்சரிக்கு ஓட வேண்டாம். வைகாசியில் ஒரு சாயங்காலம் வாசலில் நின்று, மணலை வாரிக்கொண்டு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பக்கமெல்லாம் வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வைத்ததுதான் சட்டம். அந்த நாட்களில் செம்பருத்தி இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் கரிக்கும். கொஞ்ச நாளில் நுனி கருகி, ஓரம் வழியாகப் பழுப்பு ஏறும். நோய் என்று நினைத்து மருந்து அடிக்காதீர்கள். காற்று ஓய்ந்த நேரத்தில் நல்ல தண்ணீரால் இலையை அலசிவிட்டாலே அடுத்த தளிர் சுத்தமாக வரும்.

அதனால் என் கணக்கில் முதல் இடம் காற்றைத் தாங்கும் இலைக்கு. பூவெல்லாம் அப்புறம். எங்கள் வாசல் 10 அடிக்கு 6 அடிதான். தென்மேற்கு ஓரத்தில் பனைமட்டை வேலி. அடைத்துக் கட்டிய சுவரைவிட இதுவே மேல் என்பேன். சுவரில் மோதும் காற்று மேலேறி உள்ளே சுழன்று விழும், மட்டை இடுக்கில் நுழைவது வேகம் குறைந்துதான் வரும். வேலியை ஒட்டி 3 அடிக்கு ஒன்றாக அரளி. ஆடு வாய் வைக்காது, பூவும் ஓயாது. ஆனால் முழுச் செடியும் விஷம். தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் அரளியே வேண்டாம். கதவின் மறுபக்கம் ஒரே ஒரு காகிதப்பூ. தண்ணீரைக் குறைத்தால்தான் அது பூத்துக் கொட்டும்.

இட்லிப்பூவைத் தரையில் வைக்க வேண்டாம். சிப்பித்தூள் கலந்த நம் மணலில் சுண்ணாம்பு அதிகம், இலை வெளுத்து மஞ்சளாகிவிடும். ஆசையிருந்தால் தொட்டியில் செம்மண் போட்டு வளர்க்கலாம்.

மணலில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது என்பதுதான் பெரிய பாடு. ஒன்றரை அடிக் குழி வெட்டி, அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். அதன்மேல் மணல் இரண்டு பங்கு, கண்மாய் வண்டல் ஒரு பங்கு, மக்கிய ஆட்டுப் புழுக்கை ஒரு பங்கு. நட்டதும் தூரைச் சுற்றிச் சருகு மூடாக்கு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது கெடுதல். உப்பு மேலேயே தங்கிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இலையில் படாமல், தூரில் நிறைய ஊற்றுங்கள். அரிசி கழுவிய தண்ணீரைத் தொட்டிச் செடிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடுவதற்கு ஐப்பசி முதல் மழையை விட்டால் வேறு நல்ல நேரம் கிடையாது. மண்ணிலிருக்கும் உப்பை மழையே கழுவிவிடும், அடுத்த கச்சானுக்குள் வேரும் பிடித்துவிடும். அப்போதே முன்வரிசையில் காசித்தும்பை விதையைத் தூவுங்கள். கார்த்திகை, மார்கழியில் அதுவும் டிசம்பர் பூவும் வாசலைப் பார்த்துக்கொள்ளும். தையில் துலுக்க சாமந்தி. பங்குனியிலிருந்து குண்டுமல்லி, பதியன் போட்ட கன்று வேண்டுமென்றால் தங்கச்சிமடத்தில் வாங்குங்கள், மணலிலேயே வேர்விட்டு வளர்ந்தவை என்பதால் நம் மண்ணில் சட்டென்று பிடிக்கும். ஆடியில் எல்லாம் வாடி நிற்கும்போதும் நித்தியகல்யாணி பூக்கும். அதனால் இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் அதைச் செருகிவிடுவேன்.

புரட்டாசிக் கடைசியில் கத்தரிக்கோலை எடுங்கள். அரளியையும் காகிதப்பூவையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, காற்றில் கருகிய கிளைகளைப் பச்சை தெரிகிற இடம்வரை எடுத்துவிடுங்கள். அரளி வெட்டினால் பால் வடியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெட்டிய குச்சிகளை அடுப்பில் வைக்காதீர்கள், புகையும் ஆகாது.