ரிச்மண்ட் பார்க்கிலிருந்து சர்ரே குன்றுகளுக்கு: ஒருநாள் மிதிவண்டிப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

நீண்ட பயணத்துக்கு முதன்முறையாகத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரை மட்டுமே எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 100 கி.மீ. தூரத்தை மணிக்கு 20 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஐந்து மணி நேரம் போதும் என்று நம்பிக் கிளம்பிய ஓர் அக்டோபர் நாளில், சர்ரே குன்றுகளிலுள்ள டார்க்கிங் ஊரை அடையும்போதே வெளிச்சம் மங்கியிருந்தது. மலைப்பாங்கான பயணத்தை ஏற்றத்தையும் நேரத்தையும் கொண்டு கணக்கிட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

முதல் படி: பாதையை வகுத்தல்

தென்மேற்கு இலண்டனில் வசிப்பவர்களுக்கு ஏற்ற சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரிச்மண்ட் பார்க்கின் ரோஹாம்ப்டன் வாயிலில் தொடங்கி, கிங்ஸ்டன், புஷி பார்க், ஹாம்ப்டன் கோர்ட், வெய்பிரிட்ஜ், ரிப்ளி வழியாகச் சென்று, ஸ்டேப்பிள் லேன் ஏற்றத்தில் ஏறி நியூலாண்ட்ஸ் கார்னரை அடையலாம். அங்கிருந்து ஷியர், கோம்ஷல், ஆபிஞ்சர் ஹாமர் ஆகிய சிற்றூர்களைக் கடந்து டார்க்கிங் சென்று, பாக்ஸ் ஹில் ஏறி, லெதர்ஹெட், ஈஷர் வழியாகத் திரும்பினால் சுமார் 100 கி.மீ. ஆகும். 2012 ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தின் பாதையும் பெரும்பாலும் இதுதான். அதில் ஆண்கள் பாக்ஸ் ஹில் சுற்றை ஒன்பது முறையும் பெண்கள் இரண்டு முறையும் கடந்தார்கள். நமக்கு ஒரு முறை போதும். இன்னும் கடினமாக வேண்டுமென்றால், ஆபிஞ்சர் ஹாமரிலிருந்து தெற்கே திரும்பி 294 மீட்டர் உயரமுள்ள லீத் ஹில்லைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பயணத்திலேயே அதைச் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: வரைபடத்தில் சரிவைப் படித்தல்

செயலிகள் காட்டும் மொத்த ஏற்றம் ஒன்றுக்கொன்று வேறுபடும்; மேலும், ஒரே எண்ணாகத் தரப்படும் மொத்தம், சரிவு எங்கே கடுமையாகிறது என்பதைச் சொல்லாது. ஆகவே பிரிட்டனின் தேசிய நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். சம உயரக் கோடுகள் நெருங்கி வரும் இடத்தில் சாலை அவற்றைக் குறுக்கே வெட்டினால் அது செங்குத்தான ஏற்றம். சாலையின்மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் சரிவு 14 முதல் 20 விழுக்காடு வரை. இரண்டு இருந்தால் 20 விழுக்காட்டுக்கும் மேல். பாக்ஸ் ஹில்லின் ஸிக்ஸாக் சாலை இவ்வளவு கொடியதன்று: 2.5 கி.மீ. நீளத்தில் சராசரியாக 5 விழுக்காடுதான். பெயர் பெற்ற அந்த மேட்டைக் கண்டு அஞ்சுபவர்கள், அருகிலுள்ள ஒயிட் டவுன் போன்ற பெயர் தெரியாத குறுகிய சந்துகளில்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள்.

மூன்றாம் படி: நேரக் கணக்கு

ஆளும் வண்டியும் சுமைப்பையுமாக 95 கிலோ என்று கொள்வோம். அந்த எடையை 100 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 93 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பயிற்சி குறைந்த ஒருவர் நாள் முழுவதும் தரக்கூடிய 120 வாட் திறனில் அதற்கு 13 நிமிடம் பிடிக்கும். இறக்கத்தில் சிறிது நேரம் மிச்சமாகும் என்பதால், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம் கூட்டிக்கொள்வது என் வழக்கம். உங்கள் பாதையின் மொத்த ஏற்றம் 1000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சமதளத்துக்கு 5 மணி, ஏற்றத்துக்கு 1 மணி 40 நிமிடம், உணவுக்கும் ஓய்வுக்கும் பஞ்சருக்கும் ஒன்றரை மணி என மொத்தம் எட்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஜூனில் இரவு 9.20 வரை சூரியன் இருக்கும் இலண்டனில், டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே அது மறைந்துவிடும். மாதத்தைப் பார்க்காமல் புறப்படும் நேரத்தைக் குறிக்காதீர்கள்.

நான்காம் படி: கியரும் டயரும்

முன்பக்கம் 34 பல், பின்பக்கம் 28 பல் என்பதே உங்கள் வண்டியின் மிக எளிய கியர் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது வேகம் மணிக்கு 9 கி.மீ.; 10 விழுக்காட்டு ஏற்றத்தில் அதற்கு 230 வாட்டுக்கும் மேல் தேவை. அதையே முன்பக்கம் 30, பின்பக்கம் 34 என்று மாற்றினால் 170 வாட் அளவில் ஏறிவிடலாம். வேறெதற்கும் செலவிடுவதற்கு முன் இந்தப் பற்சக்கரங்களை மாற்றுங்கள். முழங்காலைக் காப்பது இதுதான். இப்பகுதியின் சுண்ணாம்புக் குன்றுகளில் கூர்மையான சக்கிமுக்கிக் கற்கள் உண்டு. மழைக்குப் பின் அவை சாலைக்கு அடித்துவரப்பட்டு டயரைக் கிழிக்கும் என்பதால், இரண்டு டியூபும் ஒட்டுப்பொருளும் சிறு பம்பும் கட்டாயம்.

ஐந்தாம் படி: பூங்காவுக்குள் ஒழுங்கு

1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் வேலியிட்ட ரிச்மண்ட் பார்க்கில், 955 ஹெக்டேர் பரப்பில் அறுநூறுக்கும் மேற்பட்ட மான்கள் திரிகின்றன. மே முதல் ஜூலை வரை குட்டிகளோடும், செப்டம்பர், அக்டோபரில் இணைசேரும் பருவத்திலும் அவை சீற்றத்தோடு இருக்கும். 50 மீட்டர் தள்ளியே இருங்கள். மான்கள் சாலையைக் கடக்கத் தொடங்கினால், வண்டியை நிறுத்தி மந்தை முழுவதும் போகும்வரை காத்திருங்கள். வாகனங்களுக்கான வேக வரம்பு மணிக்கு 20 மைல். மிதிவண்டியும் அதை மீறாதிருப்பதே மானுக்கும் நடப்பவருக்கும் நாம் காட்டும் மரியாதை.

ஆறாம் படி: உணவு

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, ஏறத்தாழ அரை லிட்டர் நீர். டூட்டிங், நியூ மால்டன் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் கடலை மிட்டாயும் இரண்டு வாழைப்பழமும் என் பையில் எப்போதும் இருக்கும். பசிப்பதற்கு முன்பே உண்ணத் தொடங்குங்கள்.

ஏழாம் படி: திரும்பும் வழி

கோம்ஷல், டார்க்கிங், பாக்ஸ் ஹில்லின் அடிவாரம், லெதர்ஹெட் ஆகிய நான்கு இடங்களிலும் ரயில் நிலையம் உண்டு. அவற்றை வரைபடத்தில் வட்டமிடுங்கள். வார நாள்களில் நெரிசல் நேரத்தில் மடிக்க முடியாத மிதிவண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், சனி, ஞாயிறே நல்லது. டார்க்கிங்கிலிருந்து பாக்ஸ் ஹில் ஏறி ரோஹாம்ப்டன் வாயிலுக்குத் திரும்ப இன்னும் ஏறத்தாழ 37 கி.மீ. இருக்கும். சூரியன் மறைய மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் டார்க்கிங்கிலேயே ரயிலேறுவது என்று முந்தைய இரவே ஒரு தாளில் எழுதி, வரைபடப் பையில் வைத்துவிடுங்கள்.