பிரதமரை எதிர்க்கும் காரணங்களை எழுதுவது எப்படி: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

பதினாறு வயதில் "நான் பிரதமரை எதிர்க்கிறேன்" என்று சொன்னால், வீட்டிலும் டீக்கடையிலும் உடனே வருகிற கேள்வி "உனக்கு என்ன தெரியும்?" என்பதுதான். வயதைக் காட்டி வாயடைக்கும் அந்தக் கேள்வி நியாயமற்றது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிரைக் கொடுத்த இராசேந்திரன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். இரண்டு வாரத்தில், பிப்ரவரி 11 அன்று, பிரதமர் சாஸ்திரி வானொலியில் மொழி குறித்த உறுதிமொழிகளைத் தர வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்குத் தேதியோடும் ஆவணத்தோடும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் நரேந்திர மோடி ஆட்சிக் காலத்தவை. எந்தக் கட்சித் தலைவரை எதிர்ப்பதற்கும் முறை இதேதான்.

மூன்று காரணங்கள் போதும். பதினைந்து எழுதினால் எதிரில் இருப்பவர் அதில் நோஞ்சானான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற பதினான்கையும் தள்ளிவிடுவார். ஒரு காரணத்துக்கு ஒரு ஏ4 தாள், அதில் ஐந்து வரிகள்: எடுத்த முடிவும் தேதியும், முடிவெடுத்தவர் அல்லது அமைச்சகம், அது பதிவான ஆவணம், யாருக்கு என்ன ஆனது, ஆதரவாளர் சொல்லப்போகும் பதில். ஐந்தாவது வரி காலியாக இருந்தால் அந்தத் தாளை இன்னும் வெளியே எடுக்க வேண்டாம்.

அதிகம் சறுக்குவது இரண்டாவது வரியில், அதிலும் நம் பகுதியில். கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போய்ப் புதுச்சேரியில் பெட்ரோல் போடுகிறார்கள். அந்த விலை வித்தியாசம் இரண்டு அரசுகளும் போடும் மதிப்புக் கூட்டு வரியால் வருவது, அதற்குப் பிரதமர் பொறுப்பல்ல. இரண்டு ஊர் விலைக்குள்ளும் ஒளிந்திருக்கும் கலால் வரிதான் ஒன்றிய அரசுடையது. எதிர்ப்பதாக இருந்தால் அந்த வரியை எழுதுங்கள்.

நீட்டும் அப்படித்தான். "மோடி கொண்டுவந்த நீட்" என்று எழுதினால், மருத்துவக் கவுன்சில் அதை அறிவிக்கை செய்தது 2010இல், அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி என்ற பதில் உடனே வரும். பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தைத் திருத்தி நுழைவுத் தேர்வைச் சட்டமாக்கியது இந்த அரசு என்று எழுதினால் யாராலும் மறுக்க முடியாது.

புதுச்சேரி மாணவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கேட்காமலே 2017இல் ஒன்றிய அரசு மூன்று நியமன எம்.எல்.ஏ.க்களை அமர்த்தியது. அதைச் "சட்டவிரோதம்" என்று எழுதாதீர்கள், 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. சட்டப்படி செல்லும் ஒரு செயல் ஜனநாயகத்துக்கு உகந்ததாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. வாக்களித்தவர்கள் தேர்ந்தெடுக்காத மூன்று பேர் சட்டமன்றத்தில் வாக்களிப்பது சரியா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எந்தத் தீர்ப்பும் மூடிவிடவில்லை.

ஒரு தாள் முழுதாக எப்படி இருக்கும் என்பதற்குப் பணமதிப்பு நீக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வரி: 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு. இரண்டாவது: அறிவித்தவர் பிரதமரே, தொலைக்காட்சி உரையில். பொறுப்பு யாருடையது என்ற சண்டைக்கே இடமில்லாததால் புதிதாக எழுதிப் பழகுகிறவர்களுக்கு இது நல்ல தலைப்பு. மூன்றாவது: ரிசர்வ் வங்கியின் 2017-18 ஆண்டறிக்கை. செல்லாமல் போன 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பிவிட்டது, அதாவது 99.3 சதவீதம். கறுப்புப் பணம் வைத்திருப்பவர்களின் தாள்கள் வெறும் காகிதமாகும் என்ற வாதம் இந்த எண்ணோடு விழுகிறது. நான்காவது வரியில் உங்கள் ஊரை எழுதுங்கள்: கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர், சண்டே மார்க்கெட்டில் துணி விற்பவர் என அன்றாடம் ரொக்கத்தில் புழங்கிய யாரிடமாவது அந்த வாரங்களைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே, பெயர் போடாமல்.

ஐந்தாவது வரிக்கு இரண்டு பதில்கள் தயாராக வேண்டும். "உச்ச நீதிமன்றமே சரி என்று சொல்லிவிட்டது" என்பார்கள். உண்மைதான், 2023 ஜனவரி 2 அன்று நான்கு நீதிபதிகள் செல்லும் என்றார்கள், நீதிபதி பி.வி.நாகரத்னா மாறுபட்டார். ஆனால் அந்த நால்வர் பார்த்தது முடிவெடுத்த முறையைத்தான். நோக்கம் நிறைவேறியதா என்பது தங்கள் முன்னுள்ள கேள்வி அல்ல என்றே சொன்னார்கள். "அதனால்தானே ஜிபே வந்தது" என்பது அடுத்தது. யுபிஐ தொடங்கியது 2016 ஏப்ரலில், அறிவிப்புக்கு ஏழு மாதம் முன்பே. ரொக்கத் தட்டுப்பாடு பலரை அந்தப் பக்கம் தள்ளியது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். உண்மையை ஒப்புக்கொள்வதால் வாதம் பலவீனப்படாது.

ஆவணங்களுக்கு யூடியூப் வேண்டாம். நாடாளுமன்ற இணையதளத்தில் அமைச்சர்கள் தந்த எழுத்துப் பதில்கள் கேள்வி எண்ணோடு கிடைக்கும். அரசே தன் வாயால் சொன்ன எண் என்பதால் அதை மறுப்பது கடினம். தாளில் எந்த அவை (மக்களவையா, மாநிலங்களவையா), கேள்வி எண், தேதி மூன்றையும் குறியுங்கள்.

கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை, குடிமக்கள் எல்லோருக்கும் உரிமை. ஒன்றிய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய், அஞ்சல் நிலையத்தில் போஸ்டல் ஆர்டர் வாங்கி இணைத்தால் போதும். நம் பகுதியில் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். பதில் தர 30 நாள். பல மனுக்கள் வீணாவது "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பதால். விளக்கம் சொல்ல அதிகாரிக்குக் கடமை இல்லை, இருக்கிற ஆவணத்தைத் தரத்தான் கடமை. "இன்ன தேதியிட்ட கோப்பின் குறிப்புகளின் நகல் தேவை" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மொழியில் ஒரே கட்டுப்பாடு: முடிவை எதிர்க்கலாம், உடலையும் சாதியையும் மதத்தையும் குடும்பத்தையும் தொடக் கூடாது. அரசின் செயலைக் கடுமையாக விமர்சிப்பது அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் உரிமை. சட்ட வழியில் மாற்றம் கோரி அரசின் நடவடிக்கைகளைக் கண்டிப்பது குற்றமாகாது என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஆபத்து வருவது பொய் மேற்கோளாலும் வெட்டி ஒட்டிய வீடியோவாலும்தான். தாளைப் படம் பிடித்துப் பகிர்ந்தால் பள்ளிப் பெயரும் வீட்டு முகவரியும் அதில் தெரியக் கூடாது. தேர்தல் நேரத்தில் கட்சி மேடையோ துண்டறிக்கையோ வேண்டாம், சிறாரைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

அரசு இறங்கி வந்த இடத்தையும் எழுதுங்கள். 2023இல் சேத்தியாத்தோப்பு கிழக்கு உட்பட மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்ததும் அந்த ஏப்ரலிலேயே ஒன்றிய அமைச்சர் அவற்றை நீக்கினார். நீக்கியதை மறைத்தால் கடலூர் விவசாயி ஒருவரே உங்களைத் திருத்துவார்.

பேசுவதாக இருந்தால் மூன்று நிமிடத்துக்கு 300 சொற்களுக்கு மேல் வேண்டாம். அதிலும் ஒரு தாளை மட்டும் எடுத்துப் பேசுங்கள், மற்ற இரண்டும் கேள்வி நேரத்துக்குக் கையில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் பிரதமரை ஆதரிக்கிற ஒரு மாமாவிடமோ அக்காவிடமோ படிக்கக் கொடுத்து, அவர் எந்த வரியில் நிறுத்துகிறார் என்று பாருங்கள். அந்த வரிக்கு ஆவணம் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அடித்துவிடுங்கள்.