அது கழுகு இல்லை, அவை வெறும் சிங்கமும் இல்லை

போன பொங்கலுக்கு எங்கள் அபார்ட்மெண்ட் அழைப்பிதழில் கர்நாடக அரசு முத்திரையை வரைந்து போட்டிருந்தார்கள். பறவையின் இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருந்தன. இரு பக்கமும் நின்ற விலங்குகளுக்குத் தும்பிக்கையைக் காணோம். இத்தனை வருஷமாக பெங்களூரில் அரசுப் பேருந்திலும் விதான சௌதாவிலும் பார்ப்பதுதான், ஆனாலும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அந்தப் பறவை கண்டபேருண்டம். தலைகள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். ஐரோப்பிய இரட்டைத்தலைக் கழுகைப் பார்த்து வரைந்தது என்று சொல்பவர்கள் ஷிவமொக்கா பக்கம் பள்ளிகாவிக்குப் போய்வரலாம். மனித உடலில் இரண்டு பறவைத் தலைகளோடு 11ஆம் நூற்றாண்டுத் தூண் ஒன்று அங்கே நிற்கிறது. விஜயநகர அச்சுதராயரின் நாணயத்தில் இதே பறவை அலகிலும் நகத்திலும் யானைகளைத் தூக்கிக்கொண்டிருக்கும். பின்னால் மைசூர் உடையார்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து மாநிலத்துக்கு வந்தது. சங்கப் பாட்டில் பிரியாத தோழமைக்கு உவமையாக வரும் 'இருதலைப் புள்' நமக்கு உடனே ஞாபகம் வரும். அந்தப் பொருளை இதன்மேல் ஏற்ற வேண்டாம். யானையைத் தூக்கும் பறவை நட்பையா சொல்லும்?

தமிழர்கள் அதிகம் சறுக்குவது பக்கத்து விலங்குகளில். கன்னடத்தில் அவற்றை 'சரபம்' என்பார்கள். உடனே நம் ஆட்கள் திருபுவனம் கோயிலில் சிவனின் சரப வடிவமாக இருக்கும் சரபேஸ்வரரை நினைத்துக்கொண்டு சிங்க முகம், சிறகு என்று விளக்க ஆரம்பித்துவிடுவார்கள். முத்திரையில் இருப்பதோ சிங்க உடல், யானைத் தலை. பெயர்தான் ஒன்று. கோயில் தூணில் பார்க்கும் யானை யாளி என்று சொன்னால்கூட உருவத்துக்குப் பொருந்தும். நரசிம்மரைச் சிவனின் வடிவமான சரபர் அடக்கினார், அந்தச் சரபரைத் திருமாலின் வடிவமான கண்டபேருண்டம் அடக்கியது என்ற கதையும் உண்டு. அதை வைத்து இந்த முத்திரையையே சைவ வைணவச் சண்டையாக்குவது எனக்கு இழுத்துப் பிடித்த விளக்கமாகத்தான் படுகிறது.

அப்புறம், இது பெங்களூர் மாநகராட்சியின் சின்னம் அல்ல, மாநிலத்தின் சின்னம். கீழே உள்ள வாசகம் 'சத்யமேவ ஜயதே'. 'ஒருபோதும் அஞ்சான்' என்ற பொருள்படும் 'ந பிபேதி கதாசன' மைசூர் அரச குடும்பத்துடையது.

அழகாக, சரியாகவே வரைந்தாலும் அழைப்பிதழில் போடக் கூடாது. மேலே நிற்பது அசோகர் சிங்கம், அதாவது தேசிய முத்திரை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முத்திரையை அனுமதியின்றிப் பயன்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வரும் பொங்கலுக்குப் பானையும் கரும்பும் போதும் என்று கமிட்டியில் சொல்லி வைத்திருக்கிறேன்.